இரண்டு இடது கால் மகால்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் மாதனூர் பக்கத்து ஆண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால் சொல்கிறேன். கறிக்கடையில் நிற்பார்கள், வீட்டுக்கு வந்து மூக்கு முட்டச் சாப்பிடுவார்கள், படுத்துவிடுவார்கள். வாரம் முழுவதும் ஷூ கம்பெனியில் நின்றே வேலை பார்த்த காலுக்கு அது நியாயம்தான். நான் மட்டும் அந்த நேரத்தில் கையில் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருப்பேன். கோலின் உச்சியில் ஒரு கண்ணாடி இருக்கும். சற்றுத் தூரத்தில் மூன்று காலில் ஒரு கருவி நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் மனைவி சோபனா நிற்பாள்.

“ஏங்க, சாயுது பாருங்க. நேரா புடிங்க.”

“நேராத்தான் புடிச்சிருக்கேன்.”

“குமிழி நடுவுல இருக்கா? பாத்துச் சொல்லுங்க.”

பார்ப்பேன். கோலின் இடுப்பில் ஒரு சின்ன நீர்க்குமிழி உண்டு. அது நடுவில் இருந்தால் கோல் நேராக இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இருக்காது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரிப் பேச்சில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அவள் அளப்பது பழைய கட்டடங்களை. எங்கே எந்தச் சுவர், எவ்வளவு கனம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த வளைவு இறங்கியிருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்து படம் போட்டுக் கொடுப்பாள். அந்தப் படத்தை வைத்துத்தான் எதை விடுவது, எதைப் பழுதுபார்ப்பது, எதை இடிப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுப்பது போலத்தான். ஸ்கேன் தப்பானால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒருமுறை அனுபவித்தோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோபனாவின் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். மகளுக்காவது கையில் தோல் வாடை ஒட்டக்கூடாது என்று பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்கவைத்தார். படித்து முடித்தாள். வேலை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் படம் போடத் தெரியும் என்பதால் ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் எடுத்துக்கொண்டார்கள். ஷூவின் மேல்தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று வரைகிற அறை அது. நான் அதே கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருந்தேன். அவள் வரைந்ததை யாரோ வெட்டி, யாரோ தைத்து, கடைசியில் என் கைக்கு வரும். கால் வடிவ அச்சில் மாட்டி இழுத்தால் சுருக்கம் விழாமல் உட்காரும். அதைப் பார்த்துத்தான் யார் இந்தப் பெண் என்று விசாரித்தேன். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

நல்ல வேலை, பி.எஃப்., போனஸ் எல்லாம் இருந்தது. ஒருநாள் காலையில் எங்கள் ஊர் முனையில் சாலையை அகலப்படுத்த அளந்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு இவள் அதை வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் கம்பெனி பஸ் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு வேலூரில் ஒரு சர்வே ஆபீசில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. “பொம்பள போய் ரோட்ல குச்சி நட்டுக்கினு நிக்கறதா” என்று என் அண்ணன் கேட்டான். எனக்குச் சுர்ரென்று வந்தது. குச்சியை நடுவது அவள் இல்லை, நான்தான் என்றேன். அதற்கப்புறம் அவன் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பாரதி என்று ஒரு ஆர்க்கிடெக்ட் சென்னையிலிருந்து வந்தார். பழைய கட்டடங்களைச் சீரமைப்பதுதான் அவர் வேலை. சோபனா போட்ட ஒரு கோயில் மண்டபத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆற்காட்டிலிருந்து திமிரி போகிற வழியில் இருக்கும் ஷம்ஷாத் மகாலை அளக்கிற வேலையை நேராக அவளிடம் கொடுத்தார். அவள் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முதல் வேலை. அன்றைக்கு வீட்டில் கேசரி செய்தாள். சர்க்கரை ஜாஸ்தி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஷம்ஷாத் மகால் என்று பேப்பரில்தான் இருக்கிறது. ஊரில் கேட்டால் தோல் மண்டி மகால் என்றால்தான் வழி காட்டுவார்கள். நவாப் காலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் கட்டியது. நடுவில் தர்பார் ஹால், கிழக்கே ஒரு கட்டு, மேற்கே ஒரு கட்டு. பிற்காலத்தில் மேற்குக் கட்டை உப்பு போட்ட தோல் அடுக்கும் மண்டியாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மண்டி மூடி எத்தனையோ காலம் ஆகியும் மழை பெய்தால் சுவரிலிருந்து அந்த வாடை வரும். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. பாரதி மேடம்தான் கைக்குட்டையைத் தேடுவார்.

மகாலைப் பார்த்துக்கொள்பவர் ஆபித் பாஷா. அவரும் அவர் மனைவி மஹ்பூபியும் பின்கட்டில் குடியிருந்தார்கள். முதல் நாள் நாங்கள் போனபோது அவர் கிழக்குக் கட்டைத் திறந்து காட்டினார். சுத்தமான அறை. மேற்குப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம். தொழும் திசையைக் காட்ட வைப்பார்களே, அந்த மாடம். சுண்ணாம்புக் காரையில் சுற்றிலும் கொடி ஓடியது. மாடத்துக்குள்ளே, நெஞ்சு உயரத்தில், ஒரு தாமரை மொட்டு. ஆபித் பாஷா தினமும் அங்கேதான் பாய் விரிப்பார்.

மேற்குக் கட்டுக்குள் நுழைய முடியவில்லை. வாசலுக்கு மேலே மலைத்தேனீ பெரிய கூடு கட்டியிருந்தது. கொட்டினால் ஆள் காலி. வெளிப்பக்கம் போகலாம் என்றால், மேற்குச் சுவரின் இரண்டு முனைகளையும் மறைத்து மண்டிக்காரர்கள் காலத்துத் தகரச் சாய்ப்புகள் நின்றன. நடுவில் கொஞ்சம் சுவர்தான் தெரிந்தது. தேனீக்காரர் வரட்டும், அப்புறம் அளக்கலாம் என்று வைத்திருந்தோம். அதற்குள் மகாலைச் சீரமைக்கப் போட்டிருந்த கமிட்டி ஒரு முதல் படம் உடனே வேண்டும் என்று கேட்டுவிட்டது.

இங்கேதான் சோபனா அந்த வேலையைச் செய்தாள். அதைப் புரிந்துகொள்ள நீங்கள் கொஞ்சம் ஷூ கம்பெனிக்குள் வரவேண்டும். பேட்டர்ன் ரூமில் இரண்டு காலுக்கும் வரையமாட்டார்கள். இடது காலுக்கு மட்டும் வரைவார்கள். கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் வலது கால் வந்துவிடும். இது திருப்பிப் போட்டது என்று யாரும் எழுதிவைப்பதும் கிடையாது. எழுதினால் சூப்பர்வைசர் சிரிப்பார். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும்? மகாலை முன்னால் நின்று பார்த்தால் இரண்டு கட்டும் ஒரு ஜோடி செருப்பு மாதிரி அச்சாக இருக்கும். அவள் கிழக்குக் கட்டின் படத்தை எடுத்தாள், திருப்பினாள், மேற்கில் வைத்தாள், அனுப்பிவிட்டாள். தேனீ போனதும் அளந்து மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். பேட்டர்ன் ரூமில் எல்லாருக்கும் தெரிந்தது கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், சோபனா அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாச்சு?”

போனை என்னிடம் நீட்டினாள். கமிட்டியின் இன்ஜினியர் சீனிவாசன் கொடுத்த அறிக்கை. அவர் வாலாஜாபேட்டைக்காரர், நல்ல மனிதர் என்று பெயர். மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தை நடுவில் டேப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சுவர் இருக்கவேண்டிய இடத்தைவிட ஒன்றரை அடி வெளியே தள்ளியிருக்கிறது, காரை எல்லாம் உதிர்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும், ஆகவே மேற்குக் கட்டை மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று எழுதியிருந்தார்.

“சரி, பழைய சுவர். தள்ளத்தானே செய்யும்” என்றேன்.

“இருக்கவேண்டிய இடம் இதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“எப்படி?”

“என் படத்தப் பாத்து. அந்தப் பக்கம் நான் அளக்கவே இல்லீங்க. திருப்பிப் போட்டது அது.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உடனே பாரதி மேடத்துக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“சொன்னது நல்லது சோபனா” என்றார் மேடம். “ஆனா உங்க படத்த வெச்சு கமிட்டி மினிட்ஸ் எழுதிட்டாங்க. அடுத்த வாரம் நேர்ல வந்து பாத்துட்டு இடிக்கச் சொல்லி உத்தரவு போடப் போறாங்க. தப்பா போட்டுட்டேன்னு சொன்னா மட்டும் பத்தாது. சரி எதுன்னு நீங்க காட்டணும்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கம்பெனில பேட்டர்ன் தப்பானா கொஞ்சம் தோல் வீணாப் போவும். இங்க என் கையெழுத்தால ஒரு கட்டடம் போவப் போவுது” என்றாள். அவள் இருந்த இருப்பைப் பார்த்து, அந்த மகாலைக் கட்டினவன், அதில் தோல் அடுக்கினவன், அந்தத் தேனீ எல்லார் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

தேனீக்காரரைக் கையோடு பிடித்து வந்து கூட்டை எடுக்கவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமலே கிளம்பினோம். மேற்குக் கட்டின் கதவைத் தள்ளியதும் உப்பு வாடை முகத்தில் அடித்தது. சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தோல் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் அப்படியே இருந்தன. கிழக்குப் பக்கச் சுவரில், அதாவது திருப்பிப் போட்ட படத்தில் மாடம் இருந்த இடத்தில், வெறும் சுவர்தான் இருந்தது. மண்டிக்காரர்கள் அடைத்திருப்பார்கள் என்று சோபனா தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அவள் முகம் கொஞ்சம் மாறியது.

அப்புறம் மேற்குச் சுவரை அளந்தாள். உள்ளே அளந்து, வாசல் வழியாக வெளியே வந்து, வெளியிலும் அளந்து இரண்டையும் சேர்த்தாள். உள்பக்கம் சுவர் இம்மிகூட அசையவில்லை. வெளிப்பக்கம் மட்டும் நடுவில் ஒன்றரை அடி பிதுங்கி இருந்தது. அப்படியானால் அந்த இடத்தில் மட்டும் சுவர் அவ்வளவு கனம்.

சீனிவாசன் சார் தன் பைக்கில் வந்து சேர்ந்தார். படத்தைப் பற்றி அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. சுத்தியலின் கைப்பிடியால் சுவரை உள்ளேயிருந்து ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் டக் டக் என்றது. நடுவுக்கு வந்ததும் தொம் தொம் என்றது.

“உள்ள காலியா இருக்கும்மா” என்றார். “உள்சுவர் தனியா, வெளிச்சுவர் தனியாப் பிரிஞ்சிருச்சு. நான் நெனச்சதுக்கு மேல மோசம். முதல்ல எல்லாரும் வெளிய வாங்க.”

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அவர் வந்தார். அவரைத் திட்டலாம் என்று நாக்கின் நுனியில் வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன்.

மத்தியானம் மஹ்பூபி எல்லாருக்கும் குஸ்காவும் கத்தரிக்காயும் கொண்டுவந்து முற்றத்து வேப்பமரத்தடியில் வைத்தார். சோபனா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். “இன்னாம்மா, உப்பு கம்மியா?” என்று மஹ்பூபி கேட்டார். “ஆயிரம் தோலுக்குப் போட்ட உப்ப இப்பத்தான் மூக்கால தின்னுட்டு வந்திருக்கோம்” என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது தொழுகை நேரம். ஆபித் பாஷா கை கால் கழுவிக்கொண்டு கிழக்குக் கட்டுக்குப் போனார். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வளைவு வழியாக அவர் தெரிந்தார். மாடத்துக்கு முன்னால் பாயை விரித்து, மேற்கே பார்த்து நின்று தொழ ஆரம்பித்தார். சோபனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

எங்கள் கம்பெனியில் தொழுகைக்கு ஒரு அறை உண்டு. வெள்ளிக்கிழமை மெஷின் நிற்கும்போது எந்தப் பக்கம் பாய் விரிப்பார்கள் என்று ஆம்பூரில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்ததை அந்த நிமிஷம்வரை அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“ஏங்க” என்றாள். “என் படத்துல, மேற்குக் கட்டுல மாடம் எந்தச் சுவர்ல இருக்கு?”

“இந்தப் பக்கச் சுவர்ல. கிழக்கால.”

“அந்த மாடத்தப் பாத்து ஒருத்தர் நின்னா?”

“கிழக்கப் பாத்து நிப்பார்.” சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. “கிழக்கப் பாத்து யாரு தொழுவாங்க?”

அவள் படத்தை நடுவில் டர்ரென்று கிழித்தாள். சீனிவாசன் சார் கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். கிழக்குக் கட்டு இருந்த பாதியை எடுத்து, திருப்பாமல், அப்படியே தரையில் மேற்குப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கிழக்குக் கட்டில் மாடம் மேற்குச் சுவரில்தானே இருந்தது? நகர்த்தியதும் இங்கேயும் மேற்குச் சுவரில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சுவரின் நட்டநடுவில், தொம் தொம் என்று கேட்ட அதே இடத்தில்.

“இது ஜோடி இல்லீங்க” என்றாள். “ரெண்டுமே இடது கால்.”

மாடம் குடைய வேண்டுமென்றால் சுவர் கனமாக இருக்க வேண்டும். கிழக்குக் கட்டில் அந்தக் கனம் தர்பார் ஹாலை ஒட்டிய நடுச்சுவருக்குள் மறைந்துவிட்டது. மேற்குக் கட்டில் அதற்கு இடமில்லாமல் வெளியே துருத்திக்கொண்டது. கட்டினவன் வேண்டுமென்றே வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறான். தோல் அடுக்க வந்தவர்கள் உள்ளே மாடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். காலியாக இருப்பது பிளவு இல்லை, மாடம்.

சீனிவாசன் சார் கையைக் கழுவிவிட்டு வந்து கிழிந்த படத்துக்குப் பக்கத்தில் குந்தினார். “நல்லா இருக்கும்மா. ஆனா இருக்கலாம்ங்கறதுதான். விழற சுவரையும் இப்படி ஒரு கதை சொல்லிக் காப்பாத்தலாமே” என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

“கதை வேணாம் சார்” என்றாள் சோபனா. “சுவர் பிதுங்குனா வயிறு மாதிரி உருண்டையா வரும். கட்டி வெச்சதுன்னா மூலை இருக்கும். அந்தத் தகரச் சாய்ப்புக்குள்ள போய்ப் பாக்கணும்.”

பாக்கணும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சாய்ப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். என்னைப் போன்ற தொப்பை உள்ள ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையலாம். கல்லாக இறுகிப்போன உப்பு மூட்டைகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, தேள் இருக்குமோ, பாம்பு இருக்குமோ என்று இயேசுவைக் கூப்பிட்டபடியே போனேன். சுவரைத் தடவிக்கொண்டே போன கை ஓரிடத்தில் டக்கென்று உள்ளே திரும்பியது.

“மூலை இருக்கு” என்று கத்தினேன்.

“கூரா இருக்கா, மழுங்கலா இருக்கா?” அவள் குரல் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“கூரா இருக்கு. செங்கல்ல தேச்சு விட்ருக்கான். நம்ம வீட்டு மூலைகூட இப்படி இல்ல.”

மறுமுனைச் சாய்ப்பிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. அவள் அதோடு விடவில்லை. கருவியை நிறுத்தி, சுவரின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேர்கோட்டில் அளந்தாள். சீனிவாசன் சார் தானே ஏணியில் ஏறி, மேலேயிருந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகவே இருந்தது. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“சாயற சுவர் மேல போகப் போக ஜாஸ்தி தள்ளும். இது அடியிலேர்ந்தே ஒரே அளவு” என்றார். “நான் உங்க படத்த நம்பிட்டேன், நீங்க இந்தக் கட்டடத்தோட முகத்த நம்பிட்டீங்க. சரி. புதன்கிழமை கமிட்டி வரட்டும், நானும் பக்கத்துல நிக்கறேன்.”

நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். கோல் பிடிக்க வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கமிட்டியில் ஆறேழு பேர் கார்களில் வந்து இறங்கினார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, வெள்ளைச் சட்டை, கையில் தடி. பாரதி மேடம் பேச ஆரம்பிப்பதற்குள் சோபனா ஒரு அடி முன்னால் வந்தாள்.

“சார், போன படத்துல மேற்குக் கட்டு தப்பு. அந்தத் தப்பு என்னோடது. அளக்காமத் திருப்பிப் போட்டேன். அத எழுதவும் இல்ல” என்றாள்.

தலைவர் தடியை ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“போன படம் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இந்தப் படத்த மட்டும் நான் எதுக்கும்மா நம்பணும்?”

“நம்ப வேணாம் சார். ஒரு செங்கல் எடுங்க, போதும்.”

எல்லாரும் மேற்குக் கட்டுக்குள் போனோம். முதலில் சீனிவாசன் சார்தான் போனார். சுவர் விழாது என்று அதைவிட எப்படிச் சொல்வது? கிழக்குக் கட்டு மாடத்தில் எடுத்த அளவை வைத்துத் தரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் அளந்து, பொரிந்துபோன காரையின் மேல் சோபனா சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். “இந்தச் செங்கல எடுத்தா, நேர் பின்னால ஒரு தாமரை மொட்டு இருக்கணும்” என்றாள்.

எனக்கு அவளை இழுத்துப் பிடித்து வாயை மூடலாம் போல இருந்தது. காலியான இடம் இருக்கும் என்று சொன்னால் போதாதா? மொட்டு வரைக்கும் எதற்குச் சொல்ல வேண்டும்? மாடத்தை அடைத்தவன் மொட்டைக் கொத்திப் போட்டிருந்தால் என்ன செய்வது?

கூட வந்திருந்த கொத்தனார் உளியை வைத்து மெதுவாகத் தட்டினார். உப்பும் காரையும் கொட்டியது. செங்கல் ஆடியது, வந்துவிட்டது. உள்ளே ஒரே இருட்டு. அதிலிருந்து வந்த காற்றில் உப்பு வாடையே இல்லை. பாரதி மேடம் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டார்ச்சைச் சீனிவாசன் சாரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார்.

“மொட்டு இருக்கு சார்” என்றார். அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. “பச்சைக் கலர்கூடப் போகல.”

தலைவர் தடியை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஆபித் பாஷா பார்த்துவிட்டு, “சுப்ஹானல்லாஹ், இத்தினி வருசமா இங்கியே இருந்துச்சா” என்று அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். சோபனா மட்டும் பார்க்கவில்லை. “நீயும் பாரேன்” என்றேன். “நீங்க பாருங்க, எனக்குத் தெரியும்” என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. அதை நான் உப்பு மேல் பழி போடவில்லை. என் மனைவியை நினைத்துப் பெருமையில் வந்த அழுகை அது.

இடிக்கிற பேச்சு அங்கேயே முடிந்தது. மேற்குக் கட்டு நிற்கும், சுவரில் ஏறிய உப்பை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினால் போதும், மாடத்தைத் திறக்க வேண்டும் என்று சுவருக்கு முன்னால் நின்றுகொண்டே எழுதினார்கள். எழுதியதைத் தலைவர் உரக்கப் படித்தார். கடைசியில், “முழுப் படத்தையும் இந்த அம்மாவே அளந்து முடிக்கட்டும்” என்று ஒரு வரி சேர்த்தார்.

முடித்தாள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல் பிடித்தேன். கிழக்கில் பார்த்தாகிவிட்டது என்று எதையும் விடவில்லை. மேற்கில் ஒவ்வொரு ஜன்னலும், ஒவ்வொரு படியும், ஒவ்வொரு கொக்கியும் தனியாக அளந்தாள். என் அண்ணன்கூட ஒருநாள் வந்து பார்த்தான். வெயில் ஜாஸ்தி என்றான். குடையை அவன் கையில் கொடுத்து, கருவிக்குப் பிடி என்று நிறுத்திவிட்டேன்.

இப்போது மகால் வாசலில் கண்ணாடி போட்டு அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். மேற்குக் கட்டு மாடம் முழுதாகத் திறந்துவிட்டது. ஆபித் பாஷா ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று பாய் விரிக்கிறார். படத்தின் வலது ஓரத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அளந்து வரைந்தவர் சோபனா என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே, இந்த மாதிரிப் படங்களில் யாரும் எழுதாத ஒரு வரியை அவள் எழுதியிருக்கிறாள்: இந்தப் படத்தில் திருப்பிப் போட்டது எதுவும் இல்லை.

அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கோல் பிடித்தவர் தானியேல். அது நான்தான்.